தி கிங்ஸ் ஸ்பீச்: ஒரு திக்குவாய்க்காரன்கிட்ட அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்த பாருங்க பாருங்கன்னு தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் நச்சரிச்சிட்டு இருக்கேன், அதனால அதப்பத்தி கேள்வி கேக்குறவங்களும் ஜாஸ்தி. எனக்கு வாயால பதில் சொல்றதுக்கு கொஞ்சம் டைம் எடுக்கும், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கதை முழுக்க வரும், படம் பாக்காதவங்க யோசிச்சுக்கோங்க. 1939-ல முடிஞ்சு போன கதைக்கு ஸ்பாய்லர் என்னடான்னு கேட்டா அதுவும் நியாயம்தான்.

படம் எதப் பத்தி? சுருக்கமா சொல்லுங்க.

2010-ல வந்தது, டாம் ஹூப்பர் டைரக்‌ஷன். 2022-ல இறந்தாங்களே எலிசபெத் ராணி, அவங்க அப்பா ஆறாம் ஜார்ஜ் கதை. வீட்ல கூப்பிடுற பேரு பெர்ட்டி. நாலஞ்சு வயசுலேர்ந்து திக்குவாய். ரெண்டாவது புள்ளங்கறதால ராஜா ஆக வேண்டிய அவசியமே இல்ல, ஒதுங்கியே இருந்துடலாம்னு நெனச்ச மனுஷன். ஆனா அண்ணன் எட்டாம் எட்வர்டு, விவாகரத்தான அமெரிக்கப் பொண்ணத்தான் கட்டிப்பேன்னு 1936 டிசம்பர்ல பதவிய தூக்கிப் போட்டுட்டு போயிட்டாரு, எல்லாம் தம்பி தலையில வந்து விழுந்துச்சு. காலம் வேற மாறிடுச்சு. முன்னெல்லாம் ராஜான்னா யூனிஃபார்ம் போட்டுகிட்டு குதிரையிலேர்ந்து கீழ விழாம இருந்தா போதும், இப்ப ரேடியோ வழியா ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போய் பேசணும்னு அப்பா அஞ்சாம் ஜார்ஜே படத்துல புலம்புவாரு. பேச வராத ஆளுக்கு பேசுறதே வேலையா அமைஞ்சா? அந்த நேரத்துல லயனல் லோக்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் பேச்சுப் பயிற்சி குடுக்க வர்றாரு. அவ்ளோதான் கதை, பாதிக்கு மேல ரெண்டு பேரு ஒரு ரூம்ல உக்காந்து பேசுறதுதான்.

வெள்ளக்கார ராஜாவோட கவலைய நாம ஏன் பாக்கணும்? நம்மள ஆண்டவனுங்கதான?

கேக்க வேண்டிய கேள்வி. பாட்டிங்க டிரங்குப் பெட்டியில இருக்குற பழைய காசுல ஒரு தலை இருக்கும் பாருங்க, நாப்பதுகள்ல அடிச்ச காசா இருந்தா அது இவரு தலைதான். நமக்கும் சக்கரவர்த்தி. இதுல இன்னொன்னு இருக்கு, படம் அதப் பத்தி மூச்சே விடல. க்ளைமாக்ஸ்ல வர்ற ஸ்பீச், 1939 செப்டம்பர் 3 சாயங்காலம் ஜெர்மனியோட போர்னு ராஜா ரேடியோவுல பேசுனது. அதே நாள் இங்க வைஸ்ராய் லின்லித்கோ, எந்த இந்தியத் தலைவரையும் ஒரு வார்த்தை கேக்காம, இந்தியாவும் போர்ல இருக்குன்னு அறிவிச்சிட்டாரு. அதனாலதான் காங்கிரஸ் மந்திரிசபை எல்லாம் வரிசையா ராஜினாமா பண்ணுச்சு, நம்ம சென்னை மாகாணத்துல ராஜாஜி அரசு அக்டோபர் கடைசியில வெளிய வந்துச்சு. போர் முடியறப்போ இந்தியப் படையில 25 லட்சம் பேரு. தனக்கு ஒரு குரல் இருக்குன்னு அந்த மனுஷன் படத்துல கத்துற எடத்துல எனக்கு கண்ணு கலங்கும், அப்படியே பக்கத்துலயே, எங்க தாத்தாமாருக்கு அது இருந்துச்சாடான்னும் தோணும். ரெண்டையும் வெச்சிகிட்டுதான் பாக்குறேன். பேரரசு மேல இருக்குற கோவம் அப்படியே இருக்கட்டும், தொண்டையில சத்தம் நிக்கிறது ராஜாவுக்கும் எனக்கும் ஒண்ணுதான்.

திக்குறத சரியா காட்டியிருக்காங்களா? நடிப்பு தெரியுதா?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நம்ம படங்கள்ல திக்குவாய்னா என்ன காட்டுவாங்க? "ப ப ப ப"ன்னு ஒரு எழுத்த நாலு தடவ சொல்லுவாங்க, தியேட்டர் சிரிக்கும், பக்கத்துல இருக்குறவன் மண்டையில ஒண்ணு போடுவான், டக்குன்னு வார்த்தை வந்துரும். அப்படி திக்கறதும் உண்டுதான், ஆனா பெரியவங்களுக்கு ஜாஸ்தி வர்றது அடைப்பு. வார்த்தை ரெடியா இருக்கும், வாய் அதுக்கான வடிவத்துல தெறந்தும் இருக்கும், காத்து வராது. சத்தமே இல்லாத திக்கல். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஆளு யோசிக்கறாரு போலன்னு தோணும், பதில் மறந்துட்டாருன்னு நெனப்பாங்க, சில பேரு பொய் சொல்லப் போறான்னு முடிவே பண்ணிடுவாங்க.

ராஜாவா நடிச்ச காலின் ஃபர்த் புடிச்சது இதத்தான். மொத சீன் 1925 அக்டோபர் 31, வெம்ப்ளி ஸ்டேடியத்துல பிரிட்டிஷ் எம்பயர் கண்காட்சியோட நிறைவு விழா. செவப்பு லைட் மூணு தடவ மின்னும், அப்புறம் நின்னு எரிஞ்சா லைவ்னு ரேடியோக்காரர் சொல்லிக் குடுப்பாரு. லைட் எரியுது, மைக் முன்னாடி நிக்குறாரு, தொண்டை முடிச்சு மேலயும் கீழயும் போகுது, ஒண்ணும் வரல. கஷ்டப்பட்டு ஒரு பாதி வார்த்தை வருது, அது ஸ்டேடியம் ஸ்பீக்கர்ல எதிரொலிச்சு அவர்கிட்டயே திரும்பி வருது. கூட்டத்துல தலைங்க மெல்ல திரும்புது. பக்கத்துல பொண்டாட்டி கண்ணுல தண்ணி. அவ்ளோதான் சீன். நான் பாக்கும்போது சீட்டு கைப்பிடிய இறுக்கிப் புடிச்சிருந்தேன்.

ஏன்னா அது எனக்கு பஸ்ஸுல நடந்தது. தாம்பரம் போகணும், எனக்கு 'தா' வராது, எப்பவுமே வராது. கண்டக்டர் கைய நீட்டிட்டு நிக்கிறாரு, பின்னாடி கூட்டம், "எங்கப்பா, சொல்லித் தொலை"ங்கறாரு. சட்டுன்னு "சானடோரியம்"னு சொல்லிடுவேன், 'சா' எனக்கு வரும். அங்கேயே எறங்கி மிச்சத்த நடப்பேன். காலேஜ் பூரா இப்படித்தான். வெளிய பாத்தா நான் திக்கவே இல்ல, நல்லா பேசுற பையன். திக்குற ஆளுங்க செலவழிக்கிற நேரத்துல பாதி, திக்காத வார்த்தைய தேடுறதுலதான் போகும். ஓட்டல்ல பிடிச்சத கேக்காம வாயில வர்றத கேப்போம், ஃபோன்ல பேர் சொல்றதுக்கு பதிலா "நான்தான் பேசுறேன்"னு சமாளிப்போம், க்ளாஸ்ல "உள்ளேன் ஐயா" சொல்லாம கைய மட்டும் தூக்குவோம், வாயில என்ன கொழுக்கட்டையான்னு வாத்தியார் கேட்டா எல்லாரோடயும் சேந்து சிரிச்சிடுவோம்.

அப்போ தாழ்வு மனப்பான்மையாலதான் திக்குதா? தன்னம்பிக்கை வந்தா போயிடுமா?

போகாது. இத நான் எத்தன தடவ சொன்னாலும் யாராவது ஒருத்தர் மோட்டிவேஷன் வீடியோ ஒண்ணு அனுப்புறாங்க.

இப்ப தெரிஞ்ச வரைக்கும் திக்கறது அடிப்படையில மூளை பேச்ச கோத்து அனுப்புற விதத்துல இருக்குற வித்தியாசம், பரம்பரைக்கும் அதுல பெரிய பங்கு உண்டு. ரெண்டுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள ஆரம்பிக்கும், நூறு குழந்தைங்கள்ல சுமார் அஞ்சு பேருக்கு வரும், அதுல முக்காவாசி பேருக்கு தானாவே போயிடும், பெரியவங்கள்ல ஏறக்குறைய நூத்துல ஒருத்தருக்கு தங்கிடும், பெரும்பாலும் ஆம்பளைங்களுக்கு. பயம், வெக்கம், தாழ்வு மனப்பான்மை எல்லாம் திக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வந்து சேர்றது. வந்து சேந்த பிறகு அது திக்கல ஜாஸ்தி பண்ணும், அது உண்மை.

படம் இந்த எடத்துல கொஞ்சம் சறுக்குது. எடது கைப் பழக்கத்த வலுக்கட்டாயமா மாத்துனது, முட்டிக்கால் நேராக இரும்புச் சட்டம் மாட்டுனது, அண்ணன மட்டும் கொஞ்சிட்டு இவர கிள்ளி அழ வெச்ச ஆயா, இதெல்லாம்தான் காரணம்ங்கற மாதிரி கதை நகரும். அந்தக் காலத்துல அப்படித்தான் நெனச்சாங்க, சரி. ஆனா அத பாத்துட்டு, தன் வளர்ப்பு சரியில்லாததாலதான் புள்ள திக்குதோன்னு அழுத அம்மா ஒருத்தங்கள எனக்குத் தெரியும். அப்படி இல்லம்மா.

கூழாங்கல்ல வாயில போட்டு பேசுனா சரியாயிடும்னு சொல்றாங்களே?

படத்துலயே அது வருது, சர் பட்டம் வாங்குன ஒரு டாக்டர் ஏழு கண்ணாடி கோலிய வாயில திணிச்சு படிக்கச் சொல்லுவாரு, பெர்ட்டி முழுங்கத் தெரிஞ்சு துப்பிட்டு எழுந்து போயிடுவாரு. பழங்கால கிரேக்க நாட்டுப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் காலத்து வைத்தியம். நம்ம ஊர்ல வசம்ப சுட்டு தேன்ல கொழச்சு நாக்குல தடவுவாங்க, எனக்கும் தடவுனாங்க, கசப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கு. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு ஆசை இருந்தா கூழாங்கல் ட்ரை பண்ணுங்க.

லோக் டாக்டரே இல்லையாமே, போலி வைத்தியரா?

டாக்டர் இல்ல, அவரும் டாக்டர்னு சொல்லிக்கல. அடிலெய்டுல பொறந்தவரு, மேடைப் பேச்சு, உச்சரிப்பு சொல்லிக் குடுக்குற வாத்தியார். முதல் உலகப் போர்ல குண்டு அதிர்ச்சியில, விஷவாயுவுல பேச்சு போன சிப்பாய்ங்களுக்கு பெர்த் நகரத்துல பயிற்சி குடுத்து கத்துகிட்டாரு. 1924-ல லண்டன் வந்து ஹார்லி ஸ்ட்ரீட்ல, பெரிய பெரிய டாக்டருங்க தெருவுல, ரூம் புடிச்சு உக்காந்தாரு, அதுக்கு ஒரு தைரியம் வேணும். அப்போ ஸ்பீச் தெரபின்னு ஒரு படிப்பே ஒழுங்கா கெடையாது, அந்தத் தொழிலுக்கு பிரிட்டன்ல சங்கம் ஆரம்பிச்சவங்கள்ல இவரும் ஒருத்தர்.

மொத சந்திப்பு சீன்ல பெர்ட்டி சிகரெட் பத்த வெப்பாரு, லோக் வேணாம்பாரு, தொண்டைக்கு நல்லதுன்னு டாக்டருங்க சொன்னாங்கன்னு இவரு, முட்டாளுங்கன்னு அவரு, அவங்களுக்கெல்லாம் சர் பட்டம் குடுத்திருக்கோமேன்னு இவரு, அப்போ முட்டாள்தனம் உறுதியாயிடுச்சுன்னு அவரு! சிரிப்போம், ஆனா அந்த ராஜா கடைசியில எடது நுரையீரல எடுத்து, 1952-ல 56 வயசுலயே செத்துப் போனாரு.

ஹெட்போன் மாட்டி பாட்டு கேட்டுட்டே படிச்சா திக்காம வருமா?

வரும், நெஜமாவே. காதுல மொசார்ட் இசைய சத்தமா போட்டு, ஹாம்லெட் வசனத்த படிக்கச் சொல்லி லோக் அத இசைத்தட்டுல பதிவு பண்ணுவாரு. தன் குரல் தனக்கு கேக்காததால பெர்ட்டி கோவப்பட்டு பாதியில எழுந்து போயிடுவாரு, பல நாள் கழிச்சு ராத்திரி தனியா உக்காந்து அந்த தட்ட போட்டு கேப்பாரு, ஒரு எடத்துல கூட திக்காம தன் குரல். தன் குரல் தன் காதுல விழாதப்போ நெறைய பேருக்கு திக்கல் கொறையும், இத வெச்சு கருவியே வந்துச்சு. பாட்டு பாடும்போது, நாலு பேரோட சேந்து சொல்லும்போது, நாயோட பேசும்போது எல்லாம் சரளமா வரும். என்ன, வாழ்க்கை பூரா கண்டக்டர்கிட்ட மொசார்ட் கேட்டுட்டே டிக்கெட் கேக்க முடியாது.

உங்களுக்கு ரொம்ப பிடிச்ச சீன்?

எல்லாரும் க்ளைமாக்ஸ் சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு.

ஒண்ணு, அப்பா செத்துப் போன துக்கத்துல பெர்ட்டி லோக் வீட்டுக்கு வர்ற சீன். லோக் பையன் பாதி செஞ்சு வெச்ச பொம்மை ஏரோப்ளேன் மேசையில கெடக்கும். சின்ன வயசுல இப்படி ஒண்ணு செய்ய ஆசை, அப்பா விடல, தபால்தல சேக்கத்தான் விட்டாரும்பாரு. பேசிட்டே கோந்த எடுத்து ஒட்ட ஆரம்பிச்சிருவாரு, வார்த்தை நின்னா அத பாட்டு மெட்டுல பாடச் சொல்லுவாரு லோக். ஆயா பட்டினி போட்ட விஷயமெல்லாம் அப்போதான் வெளிய வரும். கண்ணு லோக்க பாக்காது, கை வேலை செய்யுது, வாய் பேசுது. இது எழுதுனவருக்கு அனுபவம் இல்லாம வராத சீன். திரைக்கதை எழுதுன டேவிட் சைட்லரும் சின்ன வயசுல திக்குனவரு, போர் சமயத்துல இதே ராஜாவ ரேடியோவுல கேட்டு வளந்தவரு. இந்தக் கதைய எழுத ராஜாவோட மனைவிகிட்ட அனுமதி கேட்டதுக்கு, என் காலத்துல வேணாம், அந்த நெனப்பு இன்னும் வலிக்குதுன்னு சொல்லிட்டாங்களாம், அந்தம்மா 101 வயசு வரைக்கும் இருந்து 2002-ல போனாங்க, இவரு அது வரைக்கும் காத்திருந்தாரு. ஆஸ்கர் வாங்கும்போது 73 வயசு.

இன்னொன்னு குட்டி சீன். குடும்பமா உக்காந்து நியூஸ் ரீல் பாப்பாங்க, ஹிட்லர் கூட்டத்துல கத்துறது வரும். அவரு என்னப்பா சொல்றாருன்னு குட்டி எலிசபெத் கேக்கும். தெரியலம்மா, ஆனா ரொம்ப நல்லா சொல்றாரும்பாரு. அவ்ளோ சரளமா பேசத் தெரிஞ்சவன் பேசுனது என்னன்னு நமக்குத் தெரியும். நல்லா பேசுறவன் நல்லவன், வெவரமானவன்னு இன்டர்வியூல ஆள் எடுக்குற ஆளுங்களுக்கு இந்த ஒரு சீன போட்டுக் காட்டணும்.

படத்துல எவ்ளோ உண்மை?

ஆளுங்க உண்மை, நட்பு உண்மை, வரிசைதான் கலைச்சுப் போட்டது. நெஜத்துல லோக்க பெர்ட்டி சந்திச்சது 1926 அக்டோபர்ல, அடுத்த மே மாசமே ஆஸ்திரேலியா போய் கான்பெரா பாராளுமன்றக் கட்டடத்த தெறந்து வெச்சு நல்லாவே பேசிட்டு வந்துட்டாரு. படத்துல அது இல்ல, 1939 வரைக்கும் தடுமாறுற மாதிரி இழுத்திருக்காங்க. வின்ஸ்டன் சர்ச்சில ஆரம்பத்துலேர்ந்தே தம்பி பக்கம் நிக்குறவரா காட்டுறாங்க, நெஜத்துல அவரு அண்ணன் பக்கம். முடிசூட்டு விழா நடக்குற வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துல ராஜா நாற்காலியில லோக் கால் மேல கால் போட்டு உக்கார்றதும் சண்டையும் சினிமா. படப்பிடிப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் லோக்கோட டைரி பேரன்கிட்ட இருக்கறது தெரிஞ்சு அதுலேர்ந்து சிலத சேத்தாங்களாம்.

மனைவி கேரக்டர்?

ஹெலனா போனம் கார்ட்டர். புருஷனுக்கு பதிலா வார்த்தைய எடுத்துக் குடுக்கவே மாட்டாங்க, கவனிச்சுப் பாருங்க. காத்திருப்பாங்க. எங்க வீட்ல இன்னும் அது நடக்கல.

கடைசியில அவருக்கு சரியாயிடுச்சு, அதான ஹேப்பி எண்டிங்?

இல்ல, இங்கதான் முக்காவாசி பேரு படத்த தப்பா எடுத்துக்கறாங்க. தடைய ஒடச்சு ஜெயிச்சாருன்னு போஸ்டர் போடுற மாதிரி.

திரும்பப் பாருங்க. சின்ன ரூம், கனமா துணி தொங்கவிட்டிருக்கு, மைக்குக்கு இந்தப் பக்கம் ராஜா, அந்தப் பக்கம் லோக் மட்டும். உலகத்த மறந்துட்டு எங்கிட்ட சொல்லு, நண்பன்கிட்ட சொல்ற மாதிரின்னு சொல்லுவாரு. லைட் மின்னுது. மொத வார்த்தை உடனே வராது. தொண்டை அதே மாதிரி அடைக்கும், வெம்ப்ளில பாத்த அதே அடைப்பு. இந்தத் தடவ அந்த மனுஷன் அதுலேர்ந்து தப்பிச்சு ஓடல, முட்டி மோதவும் இல்ல, நிக்குறாரு, அப்புறம் சொல்றாரு. ஸ்பீச் முழுக்க அந்த இடைவெளி இருக்கு. நாட்டு மக்கள் ராஜா எவ்ளோ நிதானமா பேசுறாருன்னு நெனச்சிகிட்டு கேப்பாங்க. பின்னணியில பீத்தோவனோட ஏழாவது சிம்ஃபனி, ஜெர்மனிமேல போர் தொடுக்குற பேச்சுக்கு ஜெர்மன்காரர் மியூசிக்கு, ஹூப்பருக்கு குசும்பு. முடிஞ்சதும் லோக், 'டபிள்யூ'வுல திக்குனீங்கம்பாரு, நாந்தான் பேசுறேன்னு தெரியணும்ல, அதான் ஒண்ணு ரெண்டு போட்டேன்னு பெர்ட்டி.

நெஜ ஸ்பீச்சோட பதிவும் நெட்டுல கெடைக்குது, சுமார் ஆறு நிமிஷம், படத்த விட அத கேளுங்க. வார்த்தைக்கு முன்னாடி ஒரு நொடி கூடுதலா நிக்குற எடமெல்லாம் திக்குறவங்க காதுக்கு பளிச்சுன்னு தெரியும். எந்தெந்த எடத்துல நிக்கணும்னு லோக் காகிதத்துலயே கோடு போட்டுக் குடுத்திருந்தாரு. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பேச்சுக்கு உக்காந்து பயிற்சி எடுத்தாரு, கடைசியா 1951-ல உடம்பு முடியாம துண்டு துண்டா முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி போட்டாங்க. திக்கல் போகல. ஒளிச்சு வெக்கறத விட்டாரு, அவ்ளோதான் நடந்துச்சு, அதுதான் கஷ்டமும். நான் 'தா'வுக்கு நின்னு தாம்பரம்னு சொல்ல ஆரம்பிச்சப்ப திக்கல் ஜாஸ்திதான் ஆச்சு, ஒளிச்சு வெச்சிருந்ததெல்லாம் வெளிய வந்துச்சு, வீட்ல பயந்துட்டாங்க.

எம்புள்ளைக்கு திக்குது. இந்தப் படத்த போட்டுக் காட்டலாமா?

பதினஞ்சு வயசுன்னா காட்டலாம். சின்னப் புள்ளைன்னா போரடிக்கும், மொதல்ல ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பெரியவனானா போயிடும்னு உக்காந்திராதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில டி.இ.ஐ.சி.ன்னு குழந்தைங்களுக்கான மையம் இருக்கும், காசு இல்லாம பாப்பாங்க. மைசூர்ல பேச்சு, கேட்புத்திறனுக்குன்னே அகில இந்திய அளவுல மத்திய அரசு நிறுவனம் இருக்கு. பெரியவங்களுக்கு இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்னு திக்குறவங்களே சேந்து நடத்துற அமைப்பு இருக்கு. வீட்ல செய்ய வேண்டியது, புள்ள சொல்லி முடிக்கிற வரைக்கும் மூஞ்சிய பாத்து கேளுங்க. "மூச்ச இழுத்து விட்டு பேசு", "மெதுவா பேசு" ரெண்டையும் விட்டுடுங்க. படத்துலயும் அப்பா ராஜா அதான் பண்ணுவாரு, ரேடியோ பேச்ச படிக்க வெச்சு, வரலன்னதும் சொல்லுடான்னு கத்துவாரு, வருமா?

குடும்பத்தோட பாக்கலாமா, ஏதோ கெட்ட வார்த்தை இருக்காமே?

முக்கியமா ஒரு சீன்ல மொத்தமா கொட்டும், கடைசி ஸ்பீச்சோட ஒத்திகையிலயும் கொஞ்சம் வரும். கெட்ட வார்த்தை சொல்லும்போது நீங்க திக்குறதே இல்லன்னு லோக் கண்டுபிடிச்சு உசுப்பேத்துவாரு, ராஜ வம்சத்து மனுஷன் அடுக்கு அடுக்கா விடுவாரு, பக்கத்து ரூம்ல இருக்குற லோக் பசங்களுக்கு ஆச்சரியம். இந்தக் கெட்ட வார்த்தைக்காக அமெரிக்காவுல 'ஆர்' சர்டிஃபிகேட் (17 வயசுக்குக் கீழன்னா பெரியவங்க கூட வரணும்) குடுத்தாங்க, பிரிட்டன்ல மொதல்ல 15 குடுத்துட்டு அப்புறம் 12ஏ-ன்னு எறக்குனாங்க. மத்தபடி சண்ட இல்ல, ரத்தம் இல்ல. அப்பாவோட பாக்குறதா இருந்தா அந்த நேரம் பாத்து தண்ணி எடுக்க எழுந்து போங்க, நான் அப்படித்தான் போனேன், திரும்பி வந்து பாத்தா அவரு ரிவைண்ட் பண்ணி மறுபடி பாத்துட்டு இருந்தாரு.